ஒரு லைன் போனால்?

"கம்பி தாங்குதுல்ல சார், அப்புறம் எதுக்குக் குறைக்கச் சொல்றீங்க?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்கள் ஆடி மாதத்தில் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்துக் காற்றாலைகளை இரவு பகலாகச் சுழற்றும். அவற்றில் பல எங்கள் ஊர் மில்காரர்களுக்குச் சொந்தம். அங்கே உற்பத்தியாவதை வாரியத்தின் கம்பி வழியாக மில்லுக்குக் கொண்டுவந்து பில்லில் கழித்துக்கொள்வார்கள். காற்று அடிப்பது வருடத்தில் நான்கைந்து மாதம். போட்ட பணத்தை அதற்குள் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் போன் செய்து உற்பத்தியைக் குறையுங்கள் என்று சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அவர்கள் கோபம் எனக்கு எப்போதும் நியாயமாகவே பட்டிருக்கிறது. பதிலும் இருந்தது. ஆனால் அதை போனில் இரண்டு வரியில் சொல்ல முடியாது.

நான் ரிலே சோதனைப் பிரிவில் தொடங்கியவன். எங்கள் ஆட்கள் எம்.ஆர்.டி. என்பார்கள். துணை மின் நிலையம் நிலையமாகப் போய், பழுது வந்தால் பிரேக்கரைத் திறக்க உத்தரவு கொடுக்கும் ரிலே சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பின்னாளில், எந்த மின்பாதையில் எவ்வளவு மின்சாரம் பாயும், எவ்வளவு பாயலாம் என்று கணிக்கும் லோடு ஃப்ளோ கணக்குக்கு மாற்றினார்கள். முதல் வேலை கற்றுக்கொடுத்த பயம் இரண்டாவது வேலைக்கு மிகவும் உதவியது.

கம்பியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 110 கே.வி. மின்பாதையில் எங்கள் பக்கம் பெரும்பாலும் பேந்தர் கம்பி. அலுமினியப் பிரிகள், நடுவில் எஃகு. ஒரு பேச்சுக்கு 400 ஆம்பியர் விடலாம் என்று வைத்துக்கொண்டால், 1.732ஐயும் 110ஐயும் 400ஐயும் பெருக்க 76 எம்.வி.ஏ. வருகிறது. பாலிடெக்னிக் மாணவனும் போட்டுவிடுவான். ஆனால் அந்த 400 எங்கிருந்து வந்தது? மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகும், சூடானால் நீளும், நீண்டால் தொய்யும். 110 கே.வி. கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது என்பது விதி. கரும்பு ஏற்றிய டிராக்டர் அடியில் போக வேண்டும், வைக்கோல் லாரி போக வேண்டும். சித்திரை வெயிலில், எந்த வெப்பநிலையில் தொய்வு அந்த 6.1 மீட்டரைத் தொடுமோ, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் ஆம்பியருக்கு வருகிறோம். கம்பி உருகிவிடும் என்பதற்காகப் போட்ட எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே அது தரைக்கு இறங்கிவிடும்.

கம்பி தாங்கினாலும் அதோடு சேர்ந்தவை தாங்க வேண்டுமே. காற்றுக் காலத்து இரவு ஒன்றில், லோடு உச்சத்தில் இருக்கும்போது தெர்மோவிஷன் கேமராவோடு ஒரு துணை மின் நிலைய யார்டுக்குப் போயிருந்தோம். சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா அது. கம்பி முழுக்க ஒரே மங்கல் நிறம். ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. கூட வந்த மூத்த லைன்மேன் கேமராவைப் பார்க்கவே இல்லை. கழுத்தை அண்ணாந்து, "அந்த ஆர் பேஸ் ஜம்பர் கிளாம்ப்புதான் சார். போன மழைக்கே அது சரியில்ல, சத்தம் போட்டுச்சு" என்றார். "லைனை நிறுத்த கிளியர் வாங்கலாமா அண்ணாச்சி, இல்ல காலை வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டேன். "லோடைக் கொஞ்சம் எறக்கிக் குடுத்தீங்கன்னா தாங்கும்." லோடு டெஸ்பாட்சுக்குப் பேசி இறக்கினோம். விடிந்ததும் கழற்றினால், கிளாம்ப்பின் உள்பக்கம் பள்ளம் பள்ளமாக அரித்துப் போயிருந்தது, போல்ட்டின் வாஷர் நீலம் பாரித்திருந்தது. அன்று இரவு அந்த மின்பாதையின் திறனை நிர்ணயித்தது உள்ளங்கை அகலமுள்ள அந்தக் கிளாம்ப். வேறு இடங்களில் அது மின்னோட்டத்தை அளக்க உதவும் சி.டி.யாக இருக்கும், கம்பி 400 ஆம்பியர் தாங்க, சி.டி. 300க்கு மேல் தாங்காது. புத்தக அளவை மட்டும் நம்பிக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கை இதனால்தான் நான் நம்புவதில்லை. யார்டைப் பார்த்தவன் கொடுத்த அளவு வேண்டும்.

இதெல்லாம் ஒரு மின்பாதையின் கதை. மில்காரரின் கேள்விக்கான பதில் இதற்கு அப்பால் இருக்கிறது.

இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்று மின்பாதைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 100 மெகாவாட் தாங்கும். மொத்தம் எவ்வளவு அனுப்பலாம்? 300 என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். ஆனால் மின்சாரம் நாம் சொல்கிறபடி பிரிந்து போவதில்லை. எதிர்ப்பு குறைந்த வழியில் அதிகமாகவும் கூடிய வழியில் குறைவாகவும் தானே பிரிந்துகொள்ளும். மூன்றாவது பாதை சுற்றுவழி, அதன் எதிர்ப்பு மற்றதைப் போல இரண்டு மடங்கு என்றால், 100க்கு 40, 40, 20 என்று பிரியும். 250ஐ அனுப்பும்போதே முதல் இரண்டும் நூறைத் தொட்டுவிடும். மூன்றாவதில் பாதி இடம் காலியாகவே கிடக்கும், அதை நிரப்ப வழியில்லை.

இனிதான் முக்கியமான கேள்வி. ஒரு லைன் போனால்? மரக்கிளை விழலாம், இடி இறங்கலாம், பீங்கான் டிஸ்க் வெடிக்கலாம், மயில் உட்காரலாம். எங்கள் பக்கத்து மயில்கள் செய்யும் வேலை லாக் புக்கில் எழுதி மாளாது. முதல் பாதை விழுந்தால் மிச்சமிருக்கும் இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பங்கு என்று சுமையைப் பிரித்துக்கொள்ளும். இரண்டாவது பாதை நூறைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் மொத்தமே 150தான் அனுப்பியிருக்க வேண்டும். விழுந்த பிறகு குறைத்துக்கொள்ளலாமே என்றால், ரிலேக்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை செய்கிறவை. போன் எடுத்துப் பேச நேரம் கிடையாது. ஆக, 300 தாங்கும் கம்பிகள் இருந்தும் பாதுகாப்பாக அனுப்பக்கூடியது 150. கட்டமைப்பில் ஏதாவது ஒன்று போனாலும் மற்றவை நிற்க வேண்டும் என்பதை எங்கள் துறையில் என் மைனஸ் ஒன் என்பார்கள். உலகம் முழுவதும் இதுதான் அடிப்படை. மத்திய மின்சார ஆணையத்தின் திட்டமிடல் கையேடும் இதையே சொல்கிறது.

இந்த 150க்குத்தான் மொத்தக் கடத்தல் திறன், டி.டி.சி., என்று பெயர். அதிலிருந்து ஒரு கையிருப்பைக் கழிப்பார்கள். பெரிய மின்னுற்பத்தி அலகு ஒன்று திடீரென்று நின்றால் அந்த இடைவெளியை அடைக்க மின்சாரம் வெளியிலிருந்து பாய்ந்து வரும். அதற்குக் கம்பியில் இடம் வேண்டும். தெற்கே கூடங்குளத்தில் ஒரே அலகு 1,000 மெகாவாட். முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைந்தபோது, இந்தக் கையிருப்பை எல்லாரும் மறுபடி கணக்குப் போட வேண்டியிருந்தது. கழித்து மிஞ்சுவதுதான் வாங்கவும் விற்கவும் கிடைக்கும் இடம், ஏ.டி.சி. அமெரிக்காவில் 1996இல் மின்சந்தையைத் திறந்தபோது இந்தச் சொற்களுக்கு இலக்கணம் வகுத்தார்கள். நம் நாட்டில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2009ஆம் ஆண்டு நெரிசல் விதிமுறைகளை ஒட்டி இவை நடைமுறையில் உறுதிப்பட்டன. சில மாதம் முன்பே எண்ணை அறிவித்து, பிறகு திருத்திக்கொண்டே வருவார்கள். திருத்தாத எண்ணுக்கு மதிப்பில்லை. ஏதோ ஒரு லைன் பராமரிப்புக்காகத் திறந்திருக்கிறது என்றால் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது.

2012ஆம் வருடத்தை எங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாநிலத்தில் சுமார் 4,000 மெகாவாட் பற்றாக்குறை. உயரழுத்த மின் இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு, மாலை உச்ச நேரத்தில் 90 சதவீதம். ராஜபாளையத்து நூற்பாலைகள் டீசலில் ஓடின. டீசல் போட்டு ஓட்ட முடியாத சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் மணிக்கணக்கில் நின்றன. மின்சாரம் வந்து வந்து போனால் நூற்பாலையில் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ரிங் ஃபிரேம் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் கதிர்கள். ஒரு நொடி மின்னழுத்தம் சரிந்தாலே மோட்டார்கள் கழன்றுகொள்ளும், வரிசை வரிசையாக இழைகள் அறும். மின்சாரம் உடனே திரும்பிவிடும். இழைகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துப் பிணைக்கும் பெண்களுக்கு அந்த ஷிஃப்ட் அதோடு போயிற்று.

அந்த வருடம் ஒரு டீக்கடையில் மில் மேஸ்திரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சத்தீஸ்கர்ல கரண்ட் மிச்சமாக் கெடக்குன்னு பேப்பர்ல போட்டிருக்கான். வாங்கிட்டு வர வேண்டியதுதானே சார்?" மிச்சமாகக் கிடந்தது உண்மை. வருவதற்கு வழிதான் இல்லை. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு அப்போது தனித் தீவு. வடக்கோடு அதை இணைத்தவை முக்கியமாக மூன்று நேர்மின்னோட்டத் தொடர்புகள்: தால்ச்சர்–கோலார் 2,500, சந்திரபூர் பக்கம் பத்ராவதி 1,000, விசாகப்பட்டினத்துக்கருகே காஜுவாக்கா 1,000 மெகாவாட். ஆந்திரா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு நான்கும் இந்த வாசல்களைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே வந்தாலும் தமிழ்நாட்டை அடைவதற்குள் இன்னொரு நெரிசல். மின்சந்தையில் ஒரே மணி நேரத்தில் வடக்கே ஒரு விலை, தெற்கே அதைவிட அதிக விலை. நிலக்கரிப் பற்றாக்குறையைப் பற்றி ஊரே பேசியது. கம்பிப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசியவர்கள் சிலர்தான். தமிழ்நாடு கொடுத்த விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே வருடம் ஜூலை 30, அதிகாலை 2.33. மத்தியப் பிரதேசத்தில் பினா–குவாலியர் 400 கே.வி. மின்பாதை திறந்துகொண்டது. பக்கத்துச் சுற்று தரம் உயர்த்தும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இருந்த ஒரே சுற்றில் சுமார் 1,000 மெகாவாட். வட இந்தியா முழுக்க இருண்டது. மறுநாள் மதியம் மறுபடியும், இந்த முறை கிழக்கையும் வடகிழக்கையும் சேர்த்து, 60 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நிலப்பரப்பு இருளில். விசாரணை அறிக்கை கைக்கு வந்தபோது ரிலேக்காரனாகிய நான் ரிலேக்களைப் பற்றிய பகுதியைத்தான் முதலில் படித்தேன். கம்பியில் பழுதே இல்லை. கம்பியின் சூடும் எல்லையை மீறவில்லை. மின்னோட்டம் கூடி மின்னழுத்தம் சரிந்ததைத் தொலைவில் ஒரு பழுது என்று டிஸ்டன்ஸ் ரிலேயின் மூன்றாம் மண்டலம் எடுத்துக்கொண்டு பிரேக்கரைத் திறந்துவிட்டது. ரிலேயைக் குறை சொல்ல முடியாது. அதற்குத் தெரிவது மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் விகிதம் மட்டுமே. நான் எத்தனையோ பேனல்களில் வைத்த அதே மாதிரி செட்டிங். கடத்தல் திறனைக் கணக்கிடுகிறவன் ரிலே செட்டிங்கையும் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்பதை அந்த அறிக்கைக்குப் பிறகு என்னோடு வேலை செய்த எல்லாரிடமும் வற்புறுத்தினேன்.

தெற்கு தனித் தீவாக இருந்ததால்தான் அன்று தப்பித்தது. பற்றாக்குறைக்குக் காரணமாக இருந்ததே அன்றைக்குக் காப்பாகவும் ஆயிற்று. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. மின்பாதை தெற்கையும் மற்ற இந்தியாவையும் ஒரே அதிர்வெண்ணில் கட்டியது. கட்டிய மறுநாளே அதன் முழுத் திறனுக்கும் மின்சாரத்தை அனுமதிக்கவில்லை. ஊரில் பலருக்கு அது புரியவில்லை. ஒற்றைப் பாதையை நம்பி ஏற்றிவிட்டு அது போனால், அத்தனையும் ஒரு நொடியில் தெற்கே பள்ளமாக விழும். படிப்படியாகத்தான் ஏற்றினார்கள், அதுதான் சரி. பின்னால் ராய்கர்–புகளூர் 800 கே.வி. நேர்மின்னோட்டப் பாதை 6,000 மெகாவாட் திறனோடு வந்தது. 2024 மே 2இல் தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டபோதும் 2012 திரும்பவில்லை என்றால், இந்தப் பாதைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இனி ஆடி மாதத்துக்கு வருகிறேன். சாதாரண மாதங்களில் எங்கள் பக்கத்துப் பாதைகளில் மின்சாரம் ஒரு திசையில் பாயும். காற்று எழுந்தால் திசை மாறும். தெற்கிலிருந்து வடக்கே, மதுரையைத் தாண்டி மேற்கே கோவைப் பக்கம் வரை தள்ளும். பழைய காற்றாலைகளில் பெரும்பாலானவை இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் வகை. அவை மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே, காந்தப்புலத்துக்குத் தேவையான ரியாக்டிவ் பவரைத் தொகுப்பிலிருந்து இழுக்கும். காற்று கூடக் கூட இழுப்பும் கூடும். நீண்ட பாதை நிறையச் சுமக்கும்போது பாதையே தன் பங்குக்கு இழுக்கும். விளைவு, மின்னழுத்தம் சரிவு. பாதைகள் வந்து சேரும் 110 கே.வி. பஸ்ஸின் மின்னழுத்தம் 99க்குக் கீழே போகக்கூடாது. கம்பியில் இன்னும் ஆம்பியருக்கு இடம் இருக்கும்போதே மின்னழுத்தம் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். "கம்பி தாங்குதுல்ல" என்ற கேள்விக்குப் பல இரவுகளில் உண்மையான பதில் இதுதான். கம்பி தாங்கும், வோல்டேஜ் தாங்காது. இன்னும் நீண்ட 400 கே.வி. பாதைகளுக்கு மூன்றாவதாக ஓர் எல்லையும் உண்டு: இரு முனைகளின் மின்னழுத்தங்களுக்கு இடையிலான கோணம் 30 பாகையைத் தாண்டவிடுவதில்லை. அது பெரிய தொகுப்பின் கவலை, எங்கள் யார்டுக்கு அதிகம் வராது.

காற்றுக்காலத்தில் எனக்குள் இருந்த இன்னொரு உறுத்தல் சூடு பற்றியது. கம்பியின் ஆம்பியரைக் கணக்கிடும்போது காற்று மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம்தான் என்று எடுத்துக்கொள்வோம். ஆடியில் வெளியே நின்றால் வேட்டி நிற்காது! எந்தக் காற்று மின்சாரத்தை உண்டாக்குகிறதோ அதே காற்று கம்பியையும் குளிரவைக்கிறது. அப்படியானால் கூடுதலாக ஏற்றலாமே? ஏற்றலாம். அமெரிக்காவில் 2021இல் வந்த ஓர் ஆணை, வெளி வெப்பநிலைக்கேற்பத் திறனை மாற்றிக் கணக்கிடும்படி கட்டாயமாக்கியது. ஆனால் வெப்பநிலை பாதை முழுக்க ஓரளவு ஒன்றுபோல் இருக்கும், காற்று அப்படி இருக்காது. மலையடிவாரத்தை ஒட்டி, தோப்புகளுக்கு நடுவே போகும் சில இடைவெளிகளில், வெளியே புயலாக அடித்தாலும் கம்பி அசையாமல் நிற்கும். அந்த இடத்துத் தொய்வுதான் மொத்தப் பாதைக்கும் எல்லை. அங்கெல்லாம் அளவுக்கருவி மாட்டிய பிறகே காற்றை நம்பிக் கூடுதலாக ஏற்ற வேண்டும்.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தேர் நகர நகர எங்கள் ஆட்கள் கூடவே போவார்கள். அப்படி ஒரு தேர் நாள். காற்று உச்சத்தில். வேறொரு பாதை வேலைக்காகத் திறந்திருந்தது. காற்றாலை உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு. வழக்கம்போல ஒரு மில்லின் எலக்ட்ரிகல் மேனேஜர் கோபமாக வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். உட்காரவைத்து, லோடு ஃப்ளோ தாளை அவர் முன்னால் விரித்தேன். "இந்த லைன் போச்சுன்னா, இந்த பஸ் என்ன வோல்டேஜுக்கு வருதுன்னு நீங்களே பாருங்கய்யா." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத இத்தன வருஷமா ஏன் எங்ககிட்ட யாரும் காட்டல?" என்றார்.

நியாயமான கேள்வி. குறையுங்கள் என்று சொல்கிறவர், எந்த லைன் விழுந்தால் எந்த இடம் தாங்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அன்றிலிருந்து என் பிடிவாதம். அதில் ரகசியம் எதுவும் இல்லை. தெரிந்தால் அவர்களால் செய்யக்கூடியதும் இருக்கிறது. அவர் போவதற்கு முன்னால் ஒன்று கேட்டார். காற்றாலையிலும் மில்லிலும் கெப்பாசிட்டர் பேங்க்கைக் கூட்டி, ரியாக்டிவ் இழுப்பைப் பாதியாகக் குறைத்தால் இந்த வோல்டேஜ் எவ்வளவு ஏறும்? அதே கணக்கைப் புதிய அளவுகளோடு அவர் கண்முன்னாலேயே ஓட்டினோம். பஸ் மின்னழுத்தம் கோட்டுக்கு மேலே வந்தது. குறைக்க வேண்டிய மெகாவாட்டும் இறங்கியது. அந்தத் தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு போனவர், அடுத்த காற்றுக்காலம் தொடங்குமுன் கெப்பாசிட்டர்களைப் போட்டுவிட்டு, புதிய எண்களை எழுதிய சீட்டோடு திரும்ப வந்தார். "இத வச்சு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க சார்."